காலையில் கை பம்ப் அடித்தால்தான் கிளம்புகிறது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை: காற்று எங்கே நுழைகிறது?

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர், 9.11.2024

"அண்ணே, டாடா 407 மினி லாரி, 2001 மாடல். காய்கறி லோடு அடிக்கிறேன். ராத்திரி நிறுத்திட்டா காலையில செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. கை பம்ப் இருபது முப்பது தடவை அடிச்சா கிளம்புது. அப்புறம் நாள் பூரா ஒரு தொந்தரவும் இல்ல. அடியில படுத்துப் பாத்துட்டேன், எங்கயும் ஈரமே இல்ல. மெக்கானிக் டீசல் பம்ப்ப எறக்கி ஓவராயில் பண்ணணும்னு சொல்றாரு. இருபத்தஞ்சாயிரம் ஆகுமாம். பண்ணிடலாமா?"

9.11.2024, இரவு

வேண்டாம். பம்ப்பை இப்போது தொடாதீர்கள் தம்பி. கிளம்பின பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிற வண்டியில் பம்ப்பைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. ராத்திரியில் லைனில் டீசல் நிற்கவில்லை, டேங்க்குக்கே இறங்கிவிடுகிறது. உங்கள் வண்டியில் நடப்பது அவ்வளவுதான். இளநீர் ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். விரலை இம்மி நகர்த்தினால் விழுந்துவிடும். அந்த விரல் உங்கள் வண்டியில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

ஈரம் இல்லை என்பதை வைத்து லீக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்க்கிலிருந்து அது வரைக்கும் இருப்பது உறிஞ்சுகிற லைன். இன்ஜின் ஓடும்போது அதற்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் வரும் ஃபில்டர், டீசல் பம்ப் எல்லாம் தள்ளுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் கசிந்து புழுதி ஒட்டிக் கறுப்பாகக் காட்டிக் கொடுக்கும். படுத்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் உறிஞ்சுகிற பக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நாளைக் காலையில் ஒன்றே ஒன்று பாருங்கள். கை பம்ப் அடித்து முடித்ததும் அதன் குமிழைக் கீழே அழுத்தி முறுக்கி வைக்கிறீர்களா? பாதிப் பேர் அப்படியே விட்டுவிடுவார்கள். அதன் வழியாகவே காற்று வாங்கும்.

10.11.2024

முறுக்கித்தான் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

இவ்வளவு பேசுகிற என் வண்டி இன்று காலை கிளம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே 407தான், 1998 மாடல், அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எங்களுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பந்தல் கடை. ஷாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் இதில்தான் போகும். வீடு கேப்பர் மலை ஏறுகிற வழியில் இருப்பதால் ராத்திரி வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் நிற்கும். இன்ஜின் மேலே, டேங்க் கீழே. லைனில் ஒரு மயிரிழை ஓட்டை இருந்தாலும் டீசல் பின்னால் ஓடிவிடும். இரண்டு வாரமாக வாரத்தில் நாலு நாள் கிளம்புகிறது, மூன்று நாள் மக்கர் செய்கிறது. சரிவுதான் காரணம் என்று நினைத்துக் கீழே சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். அங்கேயும் ஒரு நாள் கிளம்பியது, ஒரு நாள் கிளம்பவில்லை.

ஆகவே இருவரும் சேர்ந்தே தேடுவோம்.

13.11.2024

கிரீஸ் வைத்தியம். எங்கள் பக்கத்து பெரிய மெக்கானிக்குகள் எல்லாம் செய்வது. இன்ஜினை ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓட விட்டு, உறிஞ்சுகிற லைனில் உள்ள ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டி கிரீஸை அப்ப வேண்டும். ஹோஸ் கிளிப், குழாய் முனையைப் பிடிக்கிற துளையுள்ள பேன்ஜோ போல்ட், ஃபீட் பம்ப் நட் எதையும் விடக்கூடாது. எந்த இணைப்பில் அப்பும்போது ஐடில் துள்ளல் நின்று சீராகிறதோ அங்கேதான் ஓட்டை. கிரீஸ் இல்லையென்றால் துணி சோப்பைக் குழைத்து வைக்கலாம்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று விரலுக்கும் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். சாப்பாட்டில்கூட டீசல் வாசனை அடிக்கிறது என்று வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

13.11.2024, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கிரீஸ் உறிஞ்சுகிற பக்கத்துக்கு மட்டும்தான். தள்ளுகிற பக்கத்தில் அப்பினால் டீசல் அதைத் தள்ளிவிட்டு வெளியே வரும், ஒன்றும் புரியாது. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசில் பக்கம் போகும் குழாய்களை ஓடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் அழுத்தம். ஊசி மாதிரி பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்த்தால் சின்னப் புள்ளி மாதிரிதான் இருக்கும், அப்புறம் விரலையே எடுக்க வேண்டி வரலாம். இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

16.11.2024

கண்ணால் பார்த்துவிட்டேன்!

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த லெவல் டியூப். ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் வாங்கி, ஃபீட் பம்ப்புக்குள் நுழைகிற ரப்பர் ஹோஸுக்குப் பதிலாக மாட்டினேன். வண்டியைக் கிளப்பினால் டீசல் போவது தெரிகிறது, நடுநடுவே குமிழ் போகிறது. மிளகு அளவுக் குமிழ், ஐந்தாறு நொடிக்கு ஒன்று, சில நேரம் வரிசையாக நாலைந்து. இன்ஜினைக் கொஞ்சம் உறும விட்டால் பொடிப்பொடியாக நிறைய. குமிழ் தெரிந்தால் எங்கோ ஓட்டை, சந்தேகமே இல்லை.

டீசலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். டீசல் பம்ப்புக்குள் மேலும் கீழும் போய் டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர் மேலே வரும்போது அறைக்குள் காற்று இருந்தால் அது பஞ்சு மாதிரி அமுங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்ப விரிந்துகொள்கிறது. நாசிலின் ஊசியைத் தூக்குகிற அளவுக்கு அழுத்தமே வராது. செல்ஃப் சுத்திக்கொண்டே இருக்கும், புகைபோக்கியில் வெள்ளைப் புகைகூட வராது. நாசிலுக்கு டீசலே போகவில்லை, அப்புறம் புகை எங்கிருந்து வரும்.

குமிழைப் பார்த்த வேகத்தில் டேங்க்கிலிருந்து வருகிற பழைய ஹோஸை எடுத்துப் போட்டுவிட்டு எல்லா கிளிப்பையும் புதிதாக மாட்டினேன். பேன்ஜோவுக்குள் இருந்த காப்பர் வாஷர்களைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. கடையில் அந்த அளவு இல்லை. பழையதையே மணல்தாளில் தேய்த்து, கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். காய்ச்சினால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும், முறுக்கும்போது நன்றாக அமர்ந்துகொள்ளும். இடுக்கியில் பிடித்துப் பிடித்து எட்டு வாஷர். அடுப்பைத் துடைத்துவிட்டு வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அது நார் நாராகப் பிய்ந்து உள்ளே போய் நாசில் வரைக்கும் வேலை வைக்கும்.

17.11.2024

ஒரே சுத்தில் கிளம்பியது.

18.11.2024

இன்றும்.

21.11.2024

கிளம்பவில்லை. அதுவும் முகூர்த்தத்துக்கு நாற்காலி ஏற்றின வண்டி, விடிகாலை நாலு மணிக்கு, மஞ்சக்குப்பம் மண்டபத்தில் மேளக்காரர்களே வந்துவிட்டார்கள், உட்கார நாற்காலி இல்லை. பையன் டார்ச் பிடிக்க நான் கை பம்ப் அடித்தேன். நாற்பத்திரண்டு தடவை எண்ணினேன். பெண் வீட்டு மாமா போனிலேயே ஒரு கச்சேரி நடத்தினார்.

மூன்று நாள் நன்றாக ஓடினால் சரியாகிவிட்டது என்று எழுதக்கூடாது போலிருக்கிறது.

24.11.2024

16ஆம் தேதி எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. குமிழ் தெரிந்தால் எங்கோ ஓட்டை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அப்படி இல்லை.

ஹோஸ், வாஷர் எல்லாம் மாற்றின பிறகும் லெவல் டியூபில் பொடிக் குமிழ் போய்க்கொண்டே இருந்தது. நுரை மாதிரி. கோலி சோடாவைத் திறந்ததும் எழும்புமே, அது. டீசலுக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்தேதான் இருக்கும். லைன் எங்கேயாவது அடைத்துக்கொண்டால் ஃபீட் பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சும், அந்த உறிஞ்சலில் கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழாக வெளியே வரும். ஓட்டையே வேண்டாம். ஃபீட் பம்ப் வாயில் உள்ள சின்ன ஜல்லடையைக் கழற்றிப் பார்த்தேன். காபி டிகாக்ஷன் இறங்கின பிறகு ஃபில்டரில் அப்பியிருக்கும் மண்டி மாதிரி கறுப்பாக இருந்தது. கழுவி மாட்டினதும் நுரை நின்றுவிட்டது.

மிளகுக் குமிழ் மட்டும் நிற்கவில்லை. ஆகவே என் வண்டியில் இரண்டு கோளாறு இருந்திருக்கிறது, அதில் சுலபமானதைச் சரிசெய்துவிட்டு நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன்.

இதே மாதிரிதான் டேங்க் மூடியும். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். வண்டி இழுக்காமல் நிற்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் குற்றவாளி மூடிதான்.

26.11.2024

"புதுச்சேரி டீசல் விலை குறைவு, அதான் மட்டம், அதான் ரப்பரைத் தின்னுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விலை வித்தியாசம் வரியில். சரக்கில் இல்லை. கடலூர்க்காரன் பாதிப் பேர் பாலம் தாண்டிப் போய்த்தான் போடுகிறோம், எல்லாருக்கும் ரப்பர் போயிருந்தால் கன்னியக்கோயில் ரோட்டில் வண்டி வரிசையாக நின்றிருக்கும்.

ஆனால் ரப்பர் விஷயத்தை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. 1.4.2020 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிக்கான) டீசல்தான். கந்தகம் 50 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியது. கந்தகத்தை அப்படி எடுக்கும்போது ரப்பரை உப்ப வைக்கும் சில பொருட்களும் குறைந்துபோகும். வருடக்கணக்காகப் பழைய டீசலில் ஊறி உப்பியே பழகின ரப்பர் வாஷர், ஓரிங் என்கிற ரப்பர் வளையம் எல்லாம் புது டீசலில் சுருங்கும். வெளிநாட்டிலும் கந்தகம் குறைத்த காலத்தில் பழைய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை வந்திருக்கிறது. நம் 1998, 2001 மாடல்களில் கம்பெனி போட்ட ரப்பர் இன்னும் இருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. எந்த பங்க்கில் போட்டாலும் இதுதான் கதை.

1.12.2024

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்கிறார்கள். வில்லியனூர் தம்பி, நலமா? வண்டியை மேட்டில் நிறுத்தினீர்களா? எங்களுக்கு மின்சாரம் இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் இல்லைதான், ஆனால் மழை அதைவிட மோசம். ஷாமியானா துணி எல்லாம் ஊறிவிட்டது.

5.12.2024

தம்பி பத்திரம் என்று செய்தி வந்தது. இங்கே தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். முகாமுக்குச் சாப்பாடு கொண்டுபோக நம் வண்டிதான் மூன்று நாள் ஓடியது. ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை, நாய்க்குட்டி மாதிரி கிளம்பியது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

தண்ணீரில் நின்ற வண்டிகளை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்க் மூடி முங்கியிருந்தால் முதலில் டேங்க் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அது பம்ப்புக்குள் போனால் இருபத்தைந்தாயிரம் உண்மையாகவே செலவாகும்.

9.12.2024

முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற ஒரு பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ ஒவ்வொரு சாமானா மாத்திக்கிட்டே வர்ற. கடல்ல நின்னுட்டா எனக்குக் கடை ஏது? லைன நடுவுல வெட்டு. கேன்ல இருந்து குடுத்துப் பாரு. கேன்ல ஓடுச்சுன்னா பின்னாடி கோளாறு, ஓடலன்னா முன்னாடி கோளாறு" என்றார்.

ஒரு மாதமாக இது எனக்குத் தோன்றவில்லை.

12.12.2024

கேன் பரீட்சை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் ஊற்றி, கேபினுக்குப் பின்னால், டேங்க் இருக்கிற மட்டத்திலேயே கட்டினேன். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி ஓட்டையை மறைத்துவிடும், அதனால் மட்டம் முக்கியம். ஃபீட் பம்ப்பிலிருந்து வருகிற லெவல் டியூபை நேராகக் கேனுக்குள் விட்டு, மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் குழாயையும் அதிலேயே போட்டேன். டேங்க், பழைய குழாய் எல்லாம் கழன்றது.

குமிழ் ஒன்றுகூட இல்லை. ராத்திரி சரிவில் அப்படியே நிறுத்தினேன். மூன்று காலை, மூன்றும் ஒரே சுத்து.

ஆகவே ஃபீட் பம்ப், கை பம்ப், ஃபில்டர், டீசல் பம்ப், நாசில் எல்லாருக்கும் விடுதலை. கோளாறு டேங்க்கிலிருந்து என் லெவல் டியூப் வரைக்கும் உள்ள இடத்தில். அதற்குள் ஹோஸ் புதியது, கிளிப் புதியது. சேஸிஸ் ஓரமாகப் போகும் இரும்புக் குழாயில் உப்புக்காற்றுத் துரு இருக்கிறது. அதைக் கழற்றி இரண்டு முனையையும் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், ஓட்டை இல்லை.

14.12.2024

டேங்க்குக்குள் காற்று அடித்துப் பார்க்கச் சொல்லி ஒருவருக்குப் போன வாரம் பதில் எழுதியிருந்தேன். கம்ப்ரஸரை வைத்து அடிப்பதா என்று கேட்டிருக்கிறார். ஐயோ, வேண்டாம். டேங்க் பலூன் இல்லை, உப்பிப் பிளந்துவிடும். நான் சொன்னது சைக்கிள் பம்ப், டேங்க் வாயில் துணி சுற்றி, இரண்டு மூன்று பிஎஸ்ஐ, அவ்வளவுதான். அப்படிச் செய்தால் உறிஞ்சுகிற லைன் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளுகிற லைன் ஆகி, ஓட்டை இருக்கிற இடத்தில் டீசல் வேர்வை மாதிரி துளிர்க்கும். என் லைனில் எங்கேயும் துளிர்க்கவில்லை என்பதுதான் இப்போது என் தலைவலி.

வில்லியனூர் தம்பி லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டுவிட்டாராம். காலையில் கிளம்புகிறது, ஆனால் மேட்டில் ஏறும்போது திணறுகிறது என்கிறார். தம்பி, டீசல் பின்னால் இறங்குவதைத்தான் வால்வ் தடுக்கும். காற்று நுழைகிற ஓட்டை இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது? கூரை ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்த மாதிரி. கழற்றிவிட்டு நீங்களும் கேன் பரீட்சை செய்யுங்கள்.

15.12.2024, ராத்திரி பதினொன்றரை

தூக்கம் வரவில்லை, எழுந்து டைரியை எடுத்தேன். ஆயில், டீசல், வாடகை எல்லாம் எழுதி வைக்கிற டைரி. நான் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை போய்த்தான் டீசல் போடுவேன். போகிறது போகிறோம் என்று டேங்க்கை வழிய வழிய நிரப்புவேன், அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள், முள் அடியைத் தொடுகிற வரைக்கும் ஓட்டுவேன். சிக்கனம்.

நிரப்பின தேதிகளையும் கிளம்பாத தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நிரப்பின பிறகு ஐந்தாறு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. வாஷரைக் காய்ச்சி மாட்டினேனே 16ஆம் தேதி, அன்று சாயங்காலம்தான் டேங்க் நிரப்பியிருக்கிறேன்! வாஷர் வேலை செய்யவில்லை, டீசல் வேலை செய்திருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னால் ஊர் முழுக்க டீசல் கிடைக்காமல் போகும் என்று பயந்து நிரப்பினோம், மூன்று நாள் நாய்க்குட்டி மாதிரி ஓடினது அதனால்தான். 21ஆம் தேதி பாதிக்குக் கீழே.

சரிவு, மழை, ஹோஸ் எதுவும் இல்லை. டேங்க்கில் டீசல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அதற்கு மேலே எங்கோ காற்று வாங்குகிறது. டேங்க்குக்கு உள்ளே.

16.12.2024

தெரிந்துவிட்டது.

டேங்க் மேலே ஒரு வட்டத் தகடு, அதிலிருந்து உறிஞ்சுகுழாய் அடி வரைக்கும் இறங்கும். கடையில் சக்ஷன் பைப் என்று கேட்டால் தருவார்கள். ஐந்து ஸ்க்ரூ கழற்றித் தூக்கினேன். குழாயின் நடுவில், பாதிக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம். யாரோ எந்தக் காலத்திலோ குழாய் உடைந்ததைப் பித்தளை வைத்து ஊதி ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. கண்ணுக்கு ஓட்டை தெரியவில்லை. கீழ்வாயை விரலால் அடைத்து ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, மேல்வாயில் ஹோஸ் மாட்டி ஊதினேன். பஞ்சர் கடையில் டியூபைப் பார்க்கிற மாதிரியேதான். மஞ்சள் வளையத்தின் ஓரத்திலிருந்து முத்து முத்தாக ஏறியது. அதே மிளகு அளவு.

டீசல் அந்த வளையத்துக்கு மேலே இருக்கும்வரை ஓட்டை டீசலுக்குள் முங்கியிருக்கும். உறிஞ்சினாலும் டீசலைத்தான் உறிஞ்சும், யாருக்கும் தெரியாது. மட்டம் வளையத்துக்குக் கீழே இறங்கினதும் டேங்க்குக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். ராத்திரி நிறுத்தினால் அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய், லைனில் இருக்கும் டீசல் முழுக்க டேங்க்குக்கு இறங்கிவிடும். சைக்கிள் பம்ப் ஏன் காட்டவில்லை என்பதும் இப்போது புரிகிறது. ஓட்டை டேங்க்குக்கு உள்ளே இருக்கும்போது வெளியே எங்கே துளிர்க்கும்?

வாயால் டீசலை உறிஞ்சி எடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

18.12.2024

"மறுபடி பித்தளை வைத்து ஊதிவிடலாமே" என்று கேட்டவருக்கு: பட்டறைக்காரரும் அதைத்தான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. புதுக் குழாய் மாட்டினேன், தகட்டுக்கு அடியில் புது கார்க் பேக்கிங். குழாய் அடிக்கும் டேங்க் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டேன், வண்டல் ஏறாமல் இருக்க. டேங்க் காலியாக இருந்ததால் அப்படியே கழுவியும் எடுத்தேன். அதற்குள் கிடந்தவை: துருச் செதில்கள், ஒரு ரப்பர் துண்டு, அப்பாவின் பழைய தீப்பெட்டியில் வருமே அந்த மாதிரி ஒரு மெழுகுக் குச்சி. டீசல் டேங்க்குக்குள் தீக்குச்சி எப்படிப் போயிற்று என்று அப்பாவிடம் கேட்டேன். "மட்டம் பாத்திருப்பாங்க" என்றார். யார் என்று சொல்லவில்லை.

27.12.2024

வில்லியனூர் தம்பி கேன் பரீட்சை செய்திருக்கிறார். அவர் வண்டியில் கேன் கட்டியும் காலையில் கிளம்பவில்லை. ஆக அவருக்கு முன்பக்கம். அப்புறம் நான் சொன்னபடி கை பம்ப்பின் கழுத்தைச் சுற்றிக் கிரீஸ் அப்பியதும் ஐடில் அடங்கிவிட்டது. முறுக்கித்தான் வைத்திருக்கிறார், ஆனால் உள்ளே ரப்பர் போய் உடம்பிலும் கீறல். முறுக்கினாலும் மூடாது. புதுக் கை பம்ப் மாட்டிவிட்டார், நாலு நாளாக நன்றாக இருக்கிறதாம்.

முதல் நாள் ராத்திரி கை பம்ப்பைப் பாருங்கள் என்றுதானே எழுதியிருந்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளலாம். குமிழ் முறுக்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனவனும் நான்தான்.

அவர் எப்போதும் அரை டேங்க்குக்கு மேலேயே வைத்துக்கொள்கிறவர். அதனால் மட்டத்துக்கும் அவர் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே வியாதி மாதிரி தெரிந்தது, இரண்டு வண்டியில் இரண்டு இடம்.

2.1.2025

காற்று எடுக்கும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள், நாலைந்து பேர். லைனைக் கழற்றி மாட்டினால் இது கட்டாயம். டேங்க்கில் டீசல் இருக்கட்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டுக் கை பம்ப் அடியுங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழோடு, அப்புறம் கண்ணாடி மாதிரி சுத்தமாக வரும். அடித்துக்கொண்டே இருக்கும்போது முறுக்குங்கள், நிறுத்திவிட்டு முறுக்கினால் கடைசி மூச்சுக் காற்றை மறுபடி இழுத்துக்கொள்ளும். இரண்டு ஃபில்டர் இருந்தால் முதலில் முன்னது, அப்புறம் பின்னது. அதற்குப் பிறகு டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ, அதே மாதிரி. இவ்வளவுக்கும் பிடிக்கவில்லை என்றால் நாசில் முனையில் இரண்டு நட்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடியுங்கள், முகத்தை நேராக வைக்காதீர்கள். அங்கே டீசல் விட்டுவிட்டுத் துப்ப ஆரம்பித்ததும் முறுக்கிவிடுங்கள். கை பம்ப்பின் குமிழை மறக்காதீர்கள்.

செல்ஃபைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். பேட்டரி மட்டும் இல்லை, மோட்டாரும் சூடாகும்.

அப்புறம், டீசல் பம்ப்பை எல்லாரும் மைகோ பம்ப், மைகோ பம்ப் என்கிறார்களே, அந்தக் கம்பெனி 2008லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடையில் இன்றைக்கும் மைகோ என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துக் கொடுக்கிறார்கள்.

19.1.2025

பொங்கல் முடிந்து முதல் முகூர்த்த லோடு. வேண்டுமென்றே முள்ளோடை போகாமல் கால் டேங்க்குக்கும் கீழே இறக்கி வைத்திருந்தேன். ராத்திரி கேப்பர் மலைச் சரிவில், மூக்கு மேலே. நாலு மணிக்குப் பையன் பழக்கதோஷத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபில்டர் பக்கம் போய் நின்றுவிட்டான். நான் சாவியைத் திருப்பினேன், பிடித்துவிட்டது.

லெவல் டியூபைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸே மாட்டியாயிற்று. இரண்டு மாத டீசலில் அது மஞ்சளாகி மூங்கில் மாதிரி விறைத்துவிட்டது. யாராவது நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள், அதுவே வெடித்து அடுத்த ஓட்டையாகும்.